மியூசிக்கல் மேடைக்குக் கன்டெம்பரரி நடனம்: எங்கிருந்து தொடங்குவது?

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது. பாட்டு சின்ன வயதிலிருந்து கற்றுக்கொள்கிறேன், நாடகங்களிலும் நடித்திருக்கிறேன். நடனம்தான் பின்தங்கி நிற்கிறது. அடிப்படை ஜாஸும் கொஞ்சம் பாலேவும் தெரியும், அவ்வளவுதான்.

பாட்டும் நடிப்பும் நடனமும் சேர்ந்த மேடை நாடகங்களான மியூசிக்கல்களில் நடிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. ஆனால் நான் பார்க்கும் ஆடிஷன் அறிவிப்புகளில் ஜாஸோடு கன்டெம்பரரியும் கேட்கிறார்கள். சரி, அது என்னவென்று பார்க்கலாம் என்று வீடியோக்களைத் தேடினால் ஒருவர் தரையில் உருள்கிறார், ஒருவர் பாலே போலவே ஆடுகிறார், இன்னொருவர் சும்மா நடந்துவிட்டுத் திடீரென விழுகிறார். எல்லாவற்றுக்கும் பெயர் கன்டெம்பரரி. இதில் நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? பாலே உறுதியாகாமல் இதில் இறங்கலாமா? இப்படி ஆடிக்கொண்டே பாடவும் முடியுமா?

கால்தடம் எழுதியது:

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ பார்த்தவை எல்லாமே கன்டெம்பரரிதான். அது ஒற்றை முறை இல்லை. அதன் வேர் மாடர்ன் டான்ஸ், அதாவது பாலேவின் கட்டுப்பாடுகளை விட்டு விலகிப் பிறந்த நடனம். மார்த்தா கிரஹாம் 1926இல் தன் குழுவைத் தொடங்கியவர். வயிற்றையும் இடுப்பையும் உள்ளே குழித்து, பிறகு விடுவிப்பதிலிருந்து எல்லா அசைவையும் வளர்த்தார். கன்ட்ராக்‌ஷன், ரிலீஸ் என்று வகுப்பில் சொல்வது அதைத்தான். டோரிஸ் ஹம்ஃப்ரி விழுவதையும் மீள்வதையும் அடிப்படையாக வைத்தார், அவரிடம் பயின்ற ஹோசே லிமோன் அதை மேலே கொண்டுபோனார். லெஸ்டர் ஹார்ட்டன் தட்டையான முதுகு, நீண்ட பக்கவாட்டுச் சாய்வு என்று உடலை வலுவாக்கும் ஒரு முறையை விட்டுச்சென்றார். புகழ்பெற்ற நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லி அவருடைய மாணவர். 1972இல் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷனில் இரண்டு உடல்கள் ஒன்றின் எடையை மற்றொன்று தாங்கி ஆடும். இன்றைக்குக் கன்டெம்பரரி வகுப்பு என்று போனால் இவற்றில் ஏதோ ஒரு கலவைதான் கிடைக்கும். எந்தக் கலவை என்பது ஆசிரியரைப் பொறுத்தது. அதனால் சேருவதற்கு முன் "நீங்கள் எந்த முறையில் பயின்றீர்கள்?" என்று தயங்காமல் கேள். நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

இனி மியூசிக்கலுக்கு இதில் எது வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் முதலில் எடை. மேடைக்குத் தயாராகும் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை ரசிகர் பக்கம் வைத்து, உடலை எப்போதும் மேலே தூக்கிப் பிடித்தே பழகியிருக்கிறார்கள். கொண்டாட்டப் பாட்டுக்கு அது சரி. அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பாத்திரம் அப்படி நிமிர்ந்து நிற்க முடியாது இல்லையா? தலையின் எடையை, கையின் எடையை, இடுப்பின் எடையை விட்டுக்கொடுத்து, விழும் அந்த நொடியில் பிடித்து, அந்த வேகத்தையே அடுத்த அசைவுக்குப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். இது வந்துவிட்டால் தரையில் உருள்வது தனி வித்தையாகத் தோன்றாது. தரை என்பது நீ போய்ச் சேரும் இன்னொரு இடம், அவ்வளவே.

இரண்டாவது, அசைவுக்குக் காரணம். 1943இல் ஓக்லஹோமா என்ற மியூசிக்கலில் அக்னெஸ் டி மில் அமைத்த கனவு பாலேவில் நாயகியின் பயம் முழுவதும் நடனத்திலேயே வெளிப்பட்டது. ஆனால் அதில் பாடி நடித்தவர்களுக்குப் பதிலாக வேறு நடனக்கலைஞர்கள் அந்தப் பாத்திரங்களாக ஆடினார்கள். 1957இல் வெஸ்ட் சைட் ஸ்டோரி என்ற மியூசிக்கல் வந்தபோது அதை இயக்கி நடனம் அமைத்த ஜெரோம் ராபின்ஸ் குழுவிலிருந்த இளைஞர்களிடம் பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றையும் கேட்டார். இன்று உன்னிடம் எதிர்பார்ப்பது அந்த வழியில் வந்ததுதான். காலை எவ்வளவு உயரம் தூக்குகிறாய் என்பதைவிட ஏன் தூக்குகிறாய் என்பது தெரிய வேண்டும்.

நேர்கோடு எழுதியது:

கால்தடம் அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். பாலே இல்லாமல் கன்டெம்பரரிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். உணர்ச்சி இருக்கிறது, முகம் பேசுகிறது. ஆனால் ஒரு பிரூவெட் (ஒற்றைக் காலில் நின்று சுழல்வது) கேட்டால் தடுமாறுகிறார்கள், குதித்து இறங்கினால் முழங்கால் உள்பக்கம் மடிகிறது. ஆடிஷனில் முதல் சுற்றுக்கே டபுள் பிரூவெட் கேட்டால் என்ன செய்வது? தங்கை மழைக்குருவி, நீ முதலில் பாலேவைப் பிடி. ஜாஸை அதன்மேல் வை. கன்டெம்பரரி தானாக வரும்.

கால்தடம் எழுதியது:

பாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தானாக வரும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பாலேவில் நன்கு ஊறியவர்கள் என் வகுப்புக்கு வந்து தரைக்குப் போகும்போது இடுப்பை விடமாட்டார்கள். விரல் நுனிவரை நீட்டிய கையைத் தொங்கவிடச் சொன்னால் அதற்கே பல நாள் ஆகிறது. கால்களை வெளித்திருப்பாமல் இணையாக வைத்து ஆடுவது, முதுகுத்தண்டை ஒவ்வொரு எலும்பாகச் சுருட்டி இறக்குவது, இதையெல்லாம் தனியாகப் பழக வேண்டும். இரண்டையும் ஒரே காலத்தில் கற்கலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது.

அப்புறம் ஜாஸ் பற்றி ஒன்று. தியேட்டர் ஜாஸின் தந்தை என்று ஜாக் கோலைச் சொல்வார்கள். அவர் தொடங்கியதே டெனிஷான் என்ற மாடர்ன் டான்ஸ் பள்ளியில். பரதநாட்டியமும் கற்று, அதன் ஆழ்ந்த அரைமண்டி, கழுத்து, கண், விரல் அசைவுகளை ஸ்விங் இசையோடு சேர்த்தார். அவருக்கு உதவியாளராக இருந்த க்வென் வெர்டன்தான் பின்னர் நடன அமைப்பாளர் பாப் ஃபாஸியின் மேடைகளில் ஒளிர்ந்தார். ஜாஸ் ஒரு பக்கம், மாடர்ன் ஒரு பக்கம் என்று நாம் போடும் சுவர் மியூசிக்கலின் வரலாற்றில் இல்லை.

ரெண்டாம்வரிசை எழுதியது:

நான் என்சாம்பிளில், அதாவது மியூசிக்கலின் குழு நடனக்காரர்களில் ஒருவனாக ஆடுகிறவன். ஆடிஷன் அறையில் நடப்பதைச் சொல்கிறேன், அதிலிருந்து எதைக் கற்க வேண்டும் என்று நீயே முடிவு செய்யலாம்.

கோரியோகிராஃபரோ (நடன அமைப்பாளர்) அவருடைய உதவியாளரோ ஒரு சின்ன காம்பினேஷனை, அதாவது அசைவுகளின் தொடரைச் சொல்லிக்கொடுப்பார். வேகமாகத்தான் இருக்கும். பிறகு மூன்று நான்கு பேராகப் பிரித்து ஆடச் சொல்வார்கள். இந்த இடத்தில் ஒருவருக்கு எத்தனை முறை சுற்றத் தெரியும் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார் என்பதே வெளியே தெரியும். நேர்கோடு அண்ணா சொன்ன பிரூவெட் கேட்பதும் உண்டு, குறிப்பாகப் பழைய பாணி டான்ஸ் மியூசிக்கல்களுக்கு. ஆனால் கன்டெம்பரரி சாயல் உள்ள படைப்புகளில் "யாரோ வருவார் என்று காத்திருக்கிறாய், வரவில்லை, அங்கிருந்து தொடங்கு" என்பது போல ஒரு சூழலைக் கொடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். படி சரியாகப் போட்டும் அந்தச் சூழல் முகத்திலும் முதுகிலும் இல்லை என்றால் கடினம்.

பிடிப்பதற்கு என் வழி இது. முதலில் காலையும் எடை எந்தப் பக்கம் மாறுகிறது என்பதையும் மட்டும் பார்ப்பேன். கை அப்புறம். ஒன்று, இரண்டு என்று கவுண்டை வாய்க்குள் சொல்வதைவிட அந்த அசைவின் தாளத்தை "தா... தத் தா" என்று சொன்னால் எனக்கு உடனே உடலில் உட்காரும், ஏனென்றால் கன்டெம்பரரியில் பல அசைவுகள் எட்டுக் கவுண்டுக்குள் சரியாக அடங்காமல் மூச்சோடு நீளும். வாரத்துக்கு ஒரு முறையாவது உனக்குப் பழக்கமில்லாத ஒருவரிடம் புதிய காம்பினேஷன் கற்றுக்கொள். வீடியோ என்றாலும் பரவாயில்லை. ஆனால் அதைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள், இல்லையென்றால் இடம் வலமாகிவிடும். கற்ற உடனே கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடு. மறுபக்கமும் ஆடு. கண்ணாடி இல்லாத அறையில் திக்கு தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்களில் பலர் நல்ல நடனக்காரர்கள்.

கடைசியில் ஒரு திருத்தம் சொல்வார்கள். "அந்த விழுதலை இன்னும் தாமதமாகச் செய்" என்பார்கள். அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்கிறவரை அவர்கள் கவனிப்பார்கள்.

மழைக்குருவி எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. எடை பற்றிப் படித்ததும் எழுந்து கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தோள் விடவே இல்லை! பாட்டு பற்றி யாராவது சொல்லுங்களேன். வயிற்றைக் குழித்துக்கொண்டு எப்படிப் பாடுவது?

இசைத்தளிர் எழுதியது:

நான் குரல் பயிற்சி தருகிறவள். இந்தக் கேள்வியை என் மாணவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள்.

கன்ட்ராக்‌ஷன் என்பதை வயிற்றை இறுக்கிப் பிடிப்பது என்று எடுத்துக்கொண்டால் பாட முடியாது. அது மூச்சு வெளியே போகும்போது பிறக்கும் அசைவு. பாட்டும் வெளிமூச்சில்தான் வருகிறது. ஆகவே ஒரு வரியைப் பாடிக்கொண்டே மெல்லக் குழிவதும், வரி முடிந்து ரிலீஸில் முதுகு நீளும்போது மூச்சை உள்ளே விடுவதும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். சிக்கல் எங்கே வரும் என்றால், குழியும் நொடியில் தொண்டையையும் சேர்த்து மூடிவிடும்போதுதான். குதித்து இறங்கும்போதும் பலர் அறியாமலேயே மூச்சைப் பிடித்துவிடுகிறார்கள். அடுத்த வரி வரும்போது பழைய காற்றே உள்ளே இருக்கும், புதிதாக எடுக்க இடம் இருக்காது.

பழகும் முறையைச் சொல்கிறேன். நடனத்தையும் பாட்டையும் தனித்தனியே யோசிக்காமல் வரும் அளவுக்குக் கொண்டுவா. பிறகு ஆடிக்கொண்டே வரிகளைப் பேசு, பாடாதே. எங்கே மூச்சு முட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த இடங்களில் எந்தக் கவுண்டில் மூச்சு எடுப்பாய் என்று வரியின்மேல் பென்சிலால் குறித்துவை. மூச்சையும் ஒரு படி போலவே மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மெல்லிய குரலில் பாடு, கடைசியில்தான் முழுக்குரல். மூச்சு வாங்கும்போது தோள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள். விலா எலும்புகள் பக்கவாட்டிலும் பின்னாலும் விரிய வேண்டும்.

தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு உச்ச ஸ்வரம் பாடுவது மட்டும் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம் இழுபட்டு, குரல்வளைக்கு நகர இடமில்லாமல் போகும். அப்படி ஒரு அசைவு வந்தால் நடன அமைப்பாளரிடம் மரியாதையாகச் சொல்லலாம். அந்த ஸ்வரம் முடிந்ததும் தலை சாயட்டும் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பெரிய தயாரிப்புகள் சிலவற்றில் நடனம் மிகக் கடுமையாக இருக்கும்போது மேடைக்கு வெளியே பாடகர்கள் நின்று குரல் சேர்ப்பதும் உண்டு. எல்லாப் பாரமும் உன் தலைமேல்தான் என்று பயப்படாதே.

நிழல்கொடி எழுதியது:

ஒரு அம்மாவாக எழுதுகிறேன். என் மகளுக்கு 12 வயது, மியூசிக்கல் என்றால் உயிர். முன்பு போய்க்கொண்டிருந்த வகுப்பில் ஸ்ப்ளிட் (கால்களை எதிரெதிர்த் திசையில் விரித்துத் தரையில் உட்காருவது) முழுதாக வரவில்லை என்று ஆசிரியர் அவள் இடுப்பை மேலிருந்து அழுத்தினார். பல நாள் நொண்டினாள். கேட்டதற்கு "கன்டெம்பரரிக்கு உடல் ரப்பர் மாதிரி வளைய வேண்டும்" என்றார். அவளை அங்கிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அவளுக்கு இப்போது தன் உடல் போதாது என்ற எண்ணம் வந்துவிட்டது. உண்மையிலேயே அவ்வளவு வளைய வேண்டுமா?

கால்தடம் எழுதியது:

நிழல்கொடி அம்மா, எடுத்தது மிகச் சரி. வளரும் பிள்ளையின் மூட்டை வெளியாள் அழுத்தித் திறக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வேகமாக வளரும் பருவத்தில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசையும் தசைநாரும் பின்னால்தான் வரும். அதனால் நேற்றுவரை வந்த ஸ்ப்ளிட் இன்று வராமல் போகும். அது சோம்பலும் இல்லை, திறமை போனதும் இல்லை. அந்த நேரத்தில் வலிந்து இழுத்தால் தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் காயம் வரும், ஏனென்றால் அங்கே இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. ஓட்டம், தாவல், சுழற்சி என்று உடலைச் சூடாக்கும் அசைவுகளை முதலில் வைத்து, நீண்ட நேரம் பிடித்து இழுக்கும் பயிற்சிகளை வகுப்பின் முடிவில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். குதிப்பதற்குச் சற்று முன் நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் தசையின் வேகமும் குறையும்.

ரப்பர் மாதிரி வளைய வேண்டும் என்பது தவறு. இயல்பிலேயே அதிகம் வளையும் பிள்ளைகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள், அவர்களுக்கு மூட்டைத் தாங்கும் வலு கூடுதலாகத் தேவைப்படும். மகளிடம் இதைச் சொல்லுங்கள்: இடுப்பைக் கட்டுப்பாட்டோடு அசைக்கிறவள், ஓசையில்லாமல் தரையில் இறங்குகிறவள், இசையைக் கேட்கிறவள், இவள்தான் மேடையில் கண்ணில் படுவாள்.

மின்மினி எழுதியது:

நான் 14 வயதுப் பையன். மேலே எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது அக்கா. திடீரென்று உயரமாகிவிட்டேன், குரலும் உடைந்துவிட்டது. முன்பு வந்த திருப்பங்கள் எதுவும் இப்போது வரவில்லை. நடனத்தை விட்டுவிடலாமா என்றே யோசித்தேன்.

ரெண்டாம்வரிசை எழுதியது:

விடாதே தம்பி. கை கால் நீளம் மாறியதால் சுழலும்போது உடலின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது, மூளை அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில் திருப்பங்களை ஒற்றையாகக் குறைத்துவிட்டு, தரை வேலை, எடை மாற்றம், முன்கூட்டி அமைக்காமல் அந்தந்த நொடியில் ஆடும் இம்ப்ரோவைசேஷன் இவற்றில் நேரத்தைப் போடு. அதற்குச் சமநிலை இவ்வளவு துல்லியமாக வேண்டியதில்லை. பாட்டிலும் குரல் எட்டாத இடத்தைத் துரத்தாதே. உயரமான பையன் தரையில் நன்றாக வேலை செய்யத் தெரிந்தவனாக இருந்தால் ஜோடி நடனங்களில் பெரிய தேவை இருக்கிறது.

நேர்கோடு எழுதியது:

கால்தடம் சொன்ன இணையான கால் விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். அது சரிதான், பாலே மட்டும் தெரிந்தவர்களுக்கு அது தனிப் பழக்கம். ஆனால் முழங்கால் இரண்டாவது கால்விரலின் நேரே இருக்க வேண்டும், வெளித்திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும், பாதத்தின் நுனி தொடங்கிக் குதிகால்வரை உருண்டு இறங்க வேண்டும், இதையெல்லாம் பாலே போலப் பொறுமையாகச் சொல்லித்தரும் வகுப்பு வேறு இல்லை என்பதில் நான் மாறவில்லை. வாரத்தில் ஒரு பாலே வகுப்பையாவது விடாதே மழைக்குருவி.

மழைக்குருவி எழுதியது:

விடமாட்டேன் அண்ணா. எதையெல்லாம் பார்க்கலாம் என்றும் சொல்வீர்களா? அப்புறம், ஒரு பயிற்சிப் பட்டறைக்கு நானே ஒரு சிறிய தனி நடனம் அமைத்துக்கொண்டு போக வேண்டும். மியூசிக்கல் பாட்டுக்குத்தான். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதில் காட்டிவிட வேண்டும் போலிருக்கிறது.

ரெண்டாம்வரிசை எழுதியது:

பார்ப்பதற்கு: ஸ்ப்ரிங் அவேக்கனிங் என்ற மியூசிக்கல் 2006இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்தபோது நடனம் அமைத்தவர் கன்டெம்பரரி உலகத்திலிருந்து வந்த பில் டி. ஜோன்ஸ். அதற்கு டோனி என்ற நாடக விருதும் வாங்கினார். ஹாமில்டனில் ஆண்டி பிளாங்கன்பூலர் என்சாம்பிளை எப்படிக் கதைக்குள்ளேயே அசைய வைக்கிறார் என்று கவனி, நாயகனைப் பார்க்காமல் பின்னால் இருப்பவர்களை மட்டும் ஒரு முறை பார். ட்வைலா தார்ப்பின் மூவின் அவுட் 2002இலும் ஜஸ்டின் பெக்கின் இல்லினாய்ஸ் 2024இலும் பிராட்வேயில் வந்தவை. இரண்டிலும் ஆடுகிறவர்கள் பாடுவதில்லை, கதை முழுக்க உடலிலேயே போகிறது. வசனம் இல்லாமல் எவ்வளவு சொல்லலாம் என்று அங்கே தெரியும்.

தனி நடனத்துக்கு: எல்லாவற்றையும் காட்டாதே. அந்தப் பாட்டைப் பாடும் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று முதலில் ஒரு வரியில் எழுது. அப்புறம் அந்த வரியிலிருந்து ஒரு சாதாரணக் கை அசைவை எடு. கதவைத் தள்ளுவது, கையை உதறுவது, யாரையோ பிடித்து நிறுத்துவது, ஏதோ ஒன்று. ருடால்ஃப் லாபான் என்பவர் அசைவின் தன்மைகளை எட்டாகப் பிரித்தார்: அழுத்துவது, குத்துவது, முறுக்குவது, வீசியடிப்பது, மிதப்பது, வழுக்குவது, தட்டுவது, சுண்டுவது. உன் ஒரே அசைவை இந்த எட்டிலும் செய்து பார். மிதந்தபடி கதவைத் தள்ளுகிற ஒருத்தியும் முறுக்கிக்கொண்டு தள்ளுகிற ஒருத்தியும் வேறு வேறு மனுஷிகள். உன் பாத்திரம் இதில் யார் என்று தேர்ந்தெடு. அதே அசைவைப் பெரிதாக்கு, தரைக்குக் கொண்டுபோ, முதுகால் செய். பாட்டின் பாதி இதிலேயே நிரம்பிவிடும். பெரிய தாவல் ஒன்று வைக்க ஆசையாக இருந்தால் வை, ஆனால் வார்த்தைகள் போதாமல் போகும் இடத்தில் வை. ஆடாமல் நிற்கும் சில கவுண்டுகளையும் வை. அங்கே பாடு.

இசைத்தளிர் எழுதியது:

அந்த நிற்கும் கவுண்டுகளைக் கடினமான வரிக்கு முன்னால் வைத்தால் குரலுக்கும் உதவும்.

மழைக்குருவி எழுதியது:

இன்றைக்கே எழுதத் தொடங்குகிறேன். கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். தரை வேலைக்கு என்ன போட்டுக்கொள்வது? வெறுங்காலா, சாக்ஸா? எங்கள் அறையில் தரை வழவழப்பான சிமென்ட்.

கால்தடம் எழுதியது:

முழங்காலையும் முழங்கையையும் மூடும் நீளமான, உடலோடு ஒட்டிய உடை. மெல்லிய முழங்கால் உறை போடு, தடித்தது என்றால் உருளும்போது தடுக்கும். வழுக்கிப் போகும் அசைவுகளைப் பழகும்போது சாக்ஸ், சுழற்சிக்கும் தாவலுக்கும் கழற்றிவிடு. சிமென்ட் தரையில் தாவல் பழகாதே மா, அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது, எல்லாம் உன் கணைக்கால் எலும்புக்கு வந்து சேரும். தாவலை மட்டும் மரத்தளம் உள்ள வகுப்பறைக்கு வைத்துக்கொள். அறையில் உருள்வதற்கு ஒரு பாயோ யோகா விரிப்போ போதும். பயிற்சிக்கு முன் மோதிரம், கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடு.